மிஸ்ஸியம்மா கேட்ட கேள்வி

இதை எழுதவே வேண்டாம் என்றுதான் இருந்தேன். என் எழுத்துப் பிழைக்கு இன்னமும் எவன் திட்டு வாங்குவது? ஆனால் புதுச்சத்திரத்தில் சேலம் பஸ் கிளம்பியதுமே, முன்சீட்டு வெள்ளைக்காரப் பெண் சொன்ன பேச்சு மனதை விடவில்லை.

"டீச்சர், நான் ஒரு மனிதரின் பயணத்தைக் கெடுத்துவிட்டேன்."

சபை வாலிபர் கூட்டத்தோடு ஊழியம் செய்யக் கடல் தாண்டி வந்து ஒரு மாதம்தானாம்; தமிழைப் புத்தகத்தில் முன்பே படித்தவளாம். பக்கத்தில் மிஷன் பள்ளிக்கூடத்து டீச்சரம்மா.

"யாரைங்க மிஸ்ஸியம்மா?"

"எதிர்வீட்டுப் பெரியவரை. மூட்டையோடு வாசலில் இறங்கினார். அன்பாக, 'எங்கே போறீங்க?' என்று கேட்டேன். திரும்பி உள்ளே போய் உட்கார்ந்துவிட்டார்."

"அய்யோ சாமி! பொறப்படறவங்களை எங்கேன்னு கேக்கலாமுங்களா? போற காரியம் கெட்டுப்போகும்னு பயப்படுவாங்க. அவரு மகளுக்குச் சேலம் ஆசுபத்திரியில தலைப்பிரசவமுங்க."

"அடுத்த பஸ்?"

"சாயங்காலந்தானுங்க."

ஏற்கெனவே வெளுத்த முகம் இன்னும் வெளுத்தது. "அவளுக்கு ஏதாவது ஆனால் என்னால்தானே?"

"தண்ணி குடிச்சுட்டு, சித்த நேரம் உக்காந்துட்டு மறுபடி கெளம்பிருவாருங்க."

அந்தப் பெண் திரும்பித் திரும்பி ரோட்டையே பார்த்தாள். இரண்டு மைல் தாண்டி இன்ஜினுக்குத் தண்ணீர் ஊற்ற பஸ் நின்றபோது, பின்னால் ஒரு மாட்டுவண்டி புழுதி பறக்க ஓடி வந்தது. அதிலிருந்து இறங்கி, அந்தப் பெரியவர் மூட்டையோடு பஸ்ஸில் ஏறினார். அவள் சட்டென்று இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"தண்ணி குடிச்சுட்டுத்தான் வாரேன் சாமி, பயப்படாதீங்க" என்றார் அவர்.

சேலத்தில் இறங்கி, சூரமங்கலத்தில் கூட்டாளி வீட்டுக்குப் போய் அவனிடம் இதைச் சொல்லிச் சிரித்துவிட்டு, ரயில்வேயில் ஆள் எடுக்கிற இடத்துக்குக் கிளம்பிப் படி இறங்கினேன்.

"ஏன்டா, எங்கடா போறே?" என்றான்.