அப்பனுக்கு இன்டர்வியூ

— இன்னொருக்கா சொல்லுங்க. வீவ்னா என்னங்க?

— நெய்யறது அம்மணி.

— அது எனக்குத் தெரியாதுங்களா? நெய்யறதுன்னு தமிழ்ல சொல்றதுக்கா சோமனூர்ல இருந்து கோயமுத்தூர் வரைக்கும் வேனை ஓட்டிட்டுப் போறோம்? இங்கிலீஷ்ல சொல்லுங்க. ஸ்கூல் இன்டர்வியூ நம்ம புள்ள நேஹாவுக்கு மட்டும் இல்லீங்க, உங்களுக்கும்தான்.

— சித்த பொறு மதி. லாரிக்காரன் குறுக்க வாரான். கருமத்தம்பட்டி தாண்டிட்டுச் சொல்றேன்.

— டென்சன் ஆகாதீங்கண்ணா. ஆக்சுவலி ரொம்ப ஈஸி. டு மேக் கிளாத். அதுதான் மெயின் அர்த்தம்.

— டு மேக் கிளாத்து.

— ஆங். கூடை முடையறதும் வீவ்தான், பாய் பின்றதும் வீவ்தான். சிலந்தி வலை கட்டுதுல்லீங்க, அதுவும் வீவ். இல்லாததை ஒண்ணோட ஒண்ணு கோத்துக் கதை கட்டறாங்கல்ல, அதுக்கும் அப்பிடியே சொல்லுவாங்க. இப்ப லாரிக்கும் பஸ்ஸுக்கும் நடுவுல பூந்து பூந்து வந்தீங்களே, அதுகூட வீவ்தானுங்கண்ணா.

— அடேங்கப்பா! இத்தனை வருசமாத் தறி ஓட்டறேன், இதொண்ணும் தெரியாமப் போச்சே. நல்லாப் படிச்சிருக்கறே அன்பு.

— நீங்க ராத்திரி சிப்ட்டும் சேர்த்து ஓட்டிப் படிக்க வெச்சீங்க. ஆக்சுவலி இதெல்லாம் உங்க இங்கிலீஷுதான்.

— அண்ணனும் தம்பியும் அப்பறமாக் கொஞ்சிக்குங்க. இப்ப சினானிம் சொல்லுங்க.

— அதென்ன அம்மணி, சினாமினு?

— என்ற கெரகம்! அதே அர்த்தம் வர்ற வேற வார்த்தைங்க. நேத்துப் பொழுதோட தொண்டை கிழியக் கத்துனேன். மனப்பாடம் பண்ணுங்கன்னு சோத்தைப் போட்டா, சோத்தைத் தின்னுபோட்டு, டீவில வேர்ல்டு கப்பு பார்த்துட்டே கொறட்டை உட்டுட்டீங்க.

— தெரியாமத்தான் கேக்கறேன், புள்ளையச் சேர்க்கறதுக்கு அப்பனை எதுக்குக் கேக்கறாங்க?

— போன வருசமும் கேட்டாங்களே, மறந்துபோச்சுங்களா? அந்த சிஸ்டரம்மா இங்கிலீஷ் டீச்சரு. அப்பன் என்ன தொழில் பண்றானோ அதுல இருந்தே வார்த்தை கேக்கும். மெஹராஜ் அக்கா ஊட்டுக்காரரு ஓட்டல்காரரு. அவருகிட்ட குக்குக்கு வேற வார்த்தை கேட்டுச்சாம். பாயில், ரோஸ்ட்டு, ஃபிரைன்னு கடையில இருக்கறதையெல்லாம் எடுத்து உட்டாரு, அவிய புள்ளைக்கு சீட்டு. உங்களைக் கேட்டதுக்கு என்ன பண்ணுனீங்க?

— சிரிச்சேன்.

— பல்லைக் காட்டுனீங்கன்னு சொல்லுங்க. ஒரு வருசம் மண்ணாப் போச்சு. எல்கேஜில உட்டா அப்பறம் அந்த ஸ்கூலு கேட்டைக்கூட மிதிக்க முடியாது. இவளும் உங்களையாட்டத் தறிக்குடோன்ல நின்னு நின்னு காது செவுடாப் போகோணுங்களா?

— ஐயோ, அப்பிடிச் சொல்லாத அம்மணி. கேளு, சொல்றேன்.

— இன்டர்லேஸ், என்ட்வைன், பிரெய்ட், பிளெய்ட், நிட், ஸ்பின். சொல்லுங்க.

— இன்டர்லேசு... பிரெய்டு... நிட்டு... ஏன் அம்மணி, நிட்டிங்னா திருப்பூர்ல பனியனுக்குப் பண்றதல்ல? ஸ்பின்னிங்னா மில்லுல நூல் நூக்கறது. நெய்யறவன் போயி நூக்கறேன்னு சொன்னாத் தப்பாயிடாதா?

— உங்களை அங்க தறி மாட்டவா கூப்புட்டிருக்காங்க? கிளிக்குஞ்சுக்குச் சொல்லிக் குடுத்தா இந்நேரம் திருப்பிச் சொல்லியிருக்குமுங்க.

— வார்த்தை வாயில வர்றதுக்கு முன்னால அந்த வேலை கண்ணுல வந்து நின்னுக்குது. நான் என்ன பண்ணட்டும்?

— நிக்கும், நிக்கும். எங்கப்பன் கண்ணுலயும் உங்க தறிதான் வந்து நின்னுச்சு. பி.ஏ. படிச்ச புள்ளைய எட்டாங்கிளாஸ்காரருக்குக் கட்டிக் குடுத்துப்போட்டு, அவரு நிம்மதியாப் போய்ச் சேர்ந்துட்டாரு. நான் கெடந்து சாகறேன்.

— அண்ணி, உடுங்க. அண்ணன் பாவம்.

— நீங்க சும்மா இருங்க தம்பி. பாவம் பார்த்து சிஸ்டரம்மா சீட்டுக் குடுக்குமா? இந்த வருசம் அப்பன், அம்மா ரெண்டு பேரும் டிகிரி படிச்சிருக்கோணும்னு வேற சொல்லிப்போட்டாங்க.

— அப்பிடியா? எங்கிட்டச் சொல்லவே இல்லியே நீ.

— சொன்னா என்னங்க பண்ணியிருப்பீங்க? சந்தையில வாங்கியாந்திருப்பீங்களா? நீலாம்பூரே வந்துபோச்சு. சொல்லுங்க.

— வீவு. இன்டர்லேசு. எந்து... எந்து...

— என்ட்வைன்ங்கண்ணா.

— எந்துவைனு. பிரெய்டு. அப்பறம்... இரு, வந்துரும்... பிரெய்டு...

— சட்டையப் பாருங்க, தெப்பலா நனைஞ்சு போச்சு. இதைப் பார்த்தாப் புள்ளைக்கு அப்பனாட்டமாங்க இருக்குது? கோழி திருடி மாட்டுனவனாட்டம் இருக்குது. நேஹா, உங்கப்பன் மூஞ்சியப் பாரு. உன்னைய ஸ்கூல்ல சேர்க்க அவருக்கு இஷ்டம் இல்லையாம்.

— எனக்கு ஸ்கூல் வேணும். ரெட் டை வேணும்.

— கேட்டுச்சுங்களா? எது கேக்காட்டியும் இதாவது காதுல உழுந்துச்சுங்களா?

— உழுந்துச்சு.

— அழுகறாளுங்க. நல்லாப் பார்த்துக்குங்க.

— பார்த்தேன் அம்மணி. உடு. அன்பு...

— சொல்லுங்கண்ணா.

— என்ற பதுலுக்கு நீ உள்ள போறியா?

— நானுங்களா? ஐயோ, அது எப்பிடிங்கண்ணா?

— நீதான் எம்.ஏ. படிச்சிருக்கறே. சாடையும் நம்ம ரெண்டு பேருக்கும் ஒண்ணுதான். போன வருசம் வந்து போன கூட்டத்துல என்னையவா ஞாபகம் வெச்சிருக்கப் போறாங்க? புள்ள படிச்சாச் செரி. நான் அப்பன்னு உள்ள போயி அவ தலையில மண்ணள்ளிப் போட வேண்டாம்.

— இப்பத்தானுங்க மூளை வேலை செஞ்சிருக்குது உங்களுக்கு.

— அண்ணா, நீங்களா யோசிச்சுத்தான் சொல்றீங்களா? பின்னால மனசு சங்கடப்பட்டா எனக்குக் கஷ்டமுங்க.

— நானாத்தான் சொல்றேன். போ சாமி. ஒண்ணு மட்டும் பார்த்துக்க. பேர் கேட்டா வேலுமணின்னு சொல்லு. மறந்து உம்பட பேரைச் சொல்லிப்போடாத.

— சரிங்கண்ணா.

— சீட்டுக்குக் கீழ பையில புதுச்சட்டை இருக்குது பாரு. இன்டர்வியூவுக்குன்னே தெச்சது. போனதும் போட்டுக்கலாம்னு வெச்சிருந்தேன். நீ போட்டுக்க.

— வேண்டாங்கண்ணா. நான் வேற சட்டை கொண்டாந்திருக்கேன். பேன்ட்டும் இருக்குது.

— கொண்டாந்திருக்கறியா? செரி, செரி. நல்லதாப் போச்சு.

— அதா, அந்தப் புங்க மரத்துக்கு அக்கட்டால நிறுத்துங்க. கேட்டுக்கு நேரா வேண்டாம். தம்பி, வாங்க, நம்ம முறை எப்பன்னு வாட்சுமேனைக் கேட்டுட்டு வந்தர்லாம். அவ இங்கயே இருக்கட்டும். ஏனுங்க, நீங்க வேனை உட்டு எறங்கிப்போடாதீங்க. ஆராவது வந்து கேட்டா டிரைவர்னு சொல்லுங்க.

— டிரைவரா?

— வேறென்னன்னு சொல்லுவீங்க? புள்ளைக்கு ரெண்டு அப்பன்னா?

— செரி அம்மணி. போயிட்டு வா.

— வாரேனுங்கண்ணா.

— நல்லாச் சொல்லு அன்பு. நேஹா கண்ணு, முன்னால வா. அப்பாகிட்ட உக்காந்துக்க.

— நீங்க அழுகறீங்களாப்பா?

— இல்ல சாமி. வேர்வை கண்ணுல எறங்கிருச்சு. கொஞ்சம் வெசனமாத்தான் இருக்குது. ஆனா இனிக் கவலையில்ல, சித்தப்பன் போறானல்ல, உனக்கு சீட்டு நிச்சயம். செவப்பு டை கட்டிக்கிட்டு டாக்குடீக்குன்னு நடந்து போவே. ஆமா, உன்னையும் கேள்வி கேப்பாங்களே, சொல்லிப்போடுவியா?

— ஓ, சொல்லுவேனே.

— எங்க, அப்பாதான் சிஸ்டரம்மா. வாட் இஸ் யுவர் நேம்?

— மை நேம் இஸ் ஏ. நேஹா.

— வி. நேஹா, கண்ணு. அப்பன் பேருதான் முன்னால வரும். வேலுமணிக்கு வி.

— இல்ல, ஏ. அன்புமணிக்கு ஏ. பர்த் சர்டிபிகேட்ல எழுதியாச்சாம்.

— ஆரு கண்ணு சொன்னாங்க? இப்ப வேன்ல வர்றப்பவா சொன்னாங்க?

— இல்லப்பா, தைப் பொங்கல் நோம்பி அப்பவே. நான் மறந்து வின்னு சொல்லிப்போட்டேன், அம்மா அடிச்சிருச்சு. நீங்கதானப்பா வந்து, ஏஞ்சாமி அழுகறேன்னு தூக்கிட்டுப் போயி, பஞ்சு மிட்டாய் வாங்கிக் குடுத்தீங்க.