உறவினராக இருக்கலாம்

டீயில் சர்க்கரை தூக்கலாக இருக்கிறது மேடம். பரவாயில்லை, குடித்துவிடுகிறேன். அடுத்தவரைச் சிரமப்படுத்துவது எனக்குச் சின்ன வயதிலிருந்தே ஆகாது.

கடத்தல் என்று எஃப்.ஐ.ஆரில் எழுதியிருக்கிறீர்கள். இருக்கட்டும். நடந்ததைச் சொல்கிறேன், அப்புறம் உங்களுக்கே கை கூசும்.

திரைச்சீலை தைக்கிற கடை என்னுடையது. அப்பா அம்மா போய்ச் சேர்ந்துவிட்டார்கள். கூடப்பிறந்தவர்கள் கிடையாது என்றுதான் நானும் நினைத்திருந்தேன். ஒருநாள் மத்தியானம் கடையில் ஆள் இல்லை. ஆட்களைத் தேடித் தருகிற அந்த வெப்சைட்டில் சும்மா என் பெயரைப் போட்டுப் பார்த்தேன். வயது, விலாசம், போன் நம்பர் எல்லாம் அச்சுப் பிசகாமல் இருந்தது. அதற்குக் கீழே ‘உறவினராக இருக்கலாம்’ என்று போட்டு ஓர் ஆணின் பெயர். என்னைவிட இளையவன். அப்படியென்றால் தம்பிதானே.

பழம் வாங்கிக்கொண்டு அவன் வீட்டுக்குப் போனேன். மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை செய்கிறவன், மரியாதை தெரிந்த பிள்ளை. நாற்காலி போட்டு உட்காரவைத்துப் பொறுமையாக விளக்கினான். நான் இருக்கும் வீட்டில் அவன் முன்பு வாடகைக்கு இருந்தானாம். விலாசம் ஒன்றாக இருந்ததால் கம்ப்யூட்டர் இரண்டு பேருக்கும் முடிச்சுப் போட்டுவிட்டதாம். முடிச்சுப் போட்டுவிட்டது என்று அவன் வாயாலேயே சொன்னான். நான் சொல்லவில்லை.

அதன்பிறகு வாராவாரம் போய்வந்தேன். அவன் மனைவிக்குத்தான் முகம் சுருங்கியது. நாத்தனார் என்றால் யாருக்குப் பிடிக்கும்? அவளுடைய சமையலறை இருந்த லட்சணத்துக்கு எல்லாவற்றையும் இறக்கி நான்தான் ஒழுங்காக அடுக்கினேன். ஒரு நன்றி கிடையாது. அடுத்த மாதம் போனால் வீடு பூட்டிக் கிடந்தது. மாறிப் போய்விட்டார்களாம். நம்பரையும் மாற்றியிருந்தான். அக்காவிடம் சொல்ல மறந்துவிட்டான், வெப்சைட் மறக்கவில்லை. புது விலாசம், புது நம்பர் இரண்டையும் போட்டிருந்தது. நான் போனபோது இரண்டு பேரும் வேலைக்குப் போயிருந்தார்கள். வீட்டு ஓனரிடம் போனை நீட்டினேன். ‘உறவினர்’ என்ற வார்த்தையைப் பார்த்ததும் சாவியைக் கொடுத்துவிட்டார். அவர்கள் திரும்பிவந்தபோது எல்லா ஜன்னலிலும் திரைச்சீலை தொங்கியது. அவள் அன்றைக்கே பெட்டியைத் தூக்கிக்கொண்டு அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். திரைச்சீலைக்காக ஒருத்தி கோபித்துக்கொண்டு போவாளா மேடம்?

மறுநாள் அவன் என் கடைக்கு வந்தான்.

“அக்கா, உங்க கால்ல வேணும்னாலும் விழறேன். நான் உங்க தம்பி இல்ல. என் விவரத்தை எடுங்கன்னு அந்த வெப்சைட்டுக்கு எழுதி எழுதிக் கை ஓஞ்சு போச்சு. எடுக்க மாட்டேங்கிறாங்க.”

அக்கா என்று கூப்பிட்டுவிட்டுத் தம்பி இல்லை என்கிறான். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

பிறகு ஒருநாள் அவனுக்குச் சாப்பாடு எடுத்துக்கொண்டு அவன் கடை வாசலில் நின்றேன். என்னைப் பார்த்ததும் ஓட்டமாக ஓடினான். நடைமேம்பாலத்துப் படியில் உருண்டு கால் முறிந்தது. நினைவும் தப்பிவிட்டது. ஆஸ்பத்திரியில் நீங்கள் யார் என்று நர்ஸ் கேட்டாள். கூடப்பிறந்த அக்கா என்றேன். போனைக் காட்டினேன். தலையாட்டிவிட்டுக் கையெழுத்து வாங்கிக்கொண்டாள். வலிக்கு ஊசி போட்டு, தூக்க மருந்தும் கொடுத்து அனுப்பினார்கள், மாவுக்கட்டோடு தூங்கத் தூங்க என் வீட்டுக்கே கொண்டுவந்தேன். தூக்கம் தெளிந்ததும் அந்த வீட்டை அடையாளம் கண்டுகொண்டு அழுதான். பழகிய வீடல்லவா.

மருந்தைப் பாலில் கொஞ்சம் கூடுதலாகக் கலந்தது உண்மை. வலி தாங்காத பிள்ளை. ஊன்றுகோலைத் தினமும் கடைக்கு எடுத்துப் போனதும் உண்மை, தனியாக எழுந்து நடந்து விழுந்துவைப்பான். கட்டுப் பிரித்த பிறகும் அப்படித்தான் செய்தேன். ஜன்னலுக்குக் கெட்டித் துணியில் திரை தைத்து நான்கு பக்கமும் ஆணியடித்தேன். வெயில் அவனுக்கு ஆகாது.

அவன் ரொம்ப நாளாக ஆசைப்பட்டதையும் செய்து கொடுத்தேன். அவனுடைய சிம் கார்டை என் போனில் போட்டு, என் விவரத்தை எடுத்துவிடுங்கள் என்று அவன் சொல்வதுபோல வெப்சைட்டுக்கு எழுதினேன். நீங்கள்தான் அந்த ஆள் என்பதற்கு என்ன சாட்சி என்று கேள்வி மேல் கேள்வி கேட்டார்கள். எல்லாவற்றுக்கும் பதில் அந்த வெப்சைட்டிலேயே இருந்தது. பார்த்து எழுதினேன். எடுத்துவிட்டார்கள். அதன்பிறகு சிம்மை உடைத்துப் போட்டேன். அவன் மனைவி தேடினாளாம், உங்கள் ஆட்களும் அதில்தான் தேடினார்களாம். அப்படி ஒரு ஆளே இல்லை என்று வந்ததாம். அவன் கேட்டது அதைத்தானே?

கடைசியில் அவள் என் பெயரைப் போட்டு விலாசத்தைக் கண்டுபிடித்திருக்கிறாள். என் விவரத்தை நான் எடுக்கவில்லை. ஒளித்துவைக்க என்னிடம் என்ன இருக்கிறது?

நான் அவனை அடைத்து வைத்திருந்தேன், அவன் என்னைப் பார்த்து நடுங்குகிறான் என்று இதில் எழுதியிருக்கிறீர்கள். பூட்டினேன், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் உங்கள் ஆட்கள் பூட்டை நெம்பி உள்ளே வந்தபோது நான் அடுத்த அறையில் மத்தியானத் தூக்கத்தில் இருந்தேன். ஓடிவந்து காப்பாற்றுங்கள் என்று அவன் கத்தினானா? கேட்டுப் பாருங்கள். சுவரோடு ஒட்டி உட்கார்ந்துகொண்டு, வாயில் விரலை வைத்து, மூச்சுவிடுகிற மாதிரிச் சொன்னானாம்:

“அக்கா தூங்குறாங்க. சத்தம் போடாதீங்க.”

ஒட்டு உறவு இல்லாதவனுக்கு இவ்வளவு பாசம் வருமா மேடம்?