யோசிக்காமல் நின்றவன்

பார்லி சூப் ஆறினால் மேலே ஆடை கட்டிவிடும். முதலில் அதைக் குடியுங்கள், பிறகு பேசலாம்.

நீங்கள் அனுப்பிய பாடத்தை இரண்டு முறை படித்தேன். நன்றாகவே எழுதியிருக்கிறீர்கள். ஒரே ஒரு வரியைத்தான் மாற்ற வேண்டும். ‘விழுந்தவரைக் கண்டதும் யோடோக் ஒரு நொடிகூட யோசிக்காமல் நின்றுவிட்டார்’ என்று இருக்கிறது. பள்ளிப் பிள்ளைகள் படிக்கப்போகும் புத்தகம், அதில் பிழை இருக்கக் கூடாது. நான் பதினொரு மாதம் யோசித்தேன்.

ஸ்கீ கிராஸ் பனிச்சறுக்குப் போட்டியில் நான்கு பேர் ஒன்றாகச் சரிவில் பாய்வோம். மேடு, வளைவு, தாவல் எல்லாம் தாண்டி முதலில் வரும் இருவருக்கு மட்டும் அடுத்த சுற்று. பதினான்கு குளிர்காலம் ஓடினேன். இறுதிச் சுற்றுக்கு ஏழு முறை வந்தேன். ஏழு முறையும் நான்காவது. “ஏம்ப்பா, நாலு பேர் ஓடுற ஓட்டத்துல நாலாவதா வர்றதுக்கு இவ்வளவு வேர்வையா?” என்பாள் என் மனைவி வால்பூர்கா. தமாஷாகத்தான் சொல்வாள். நானும் சிரிப்பேன்.

போன ஆண்டுக்கு முந்தைய ஆண்டு மார்ச்சில், வேறொரு மலையில், ஒருவன் ஓட்டத்தை விட்டுவிட்டு விழுந்தவன் பக்கத்தில் போய் உட்கார்ந்தான். ஒரு வாரம் தொலைக்காட்சியில் அவன் முகம்தான். அன்று ஜெயித்தது யார் என்று எனக்கே ஞாபகமில்லை. அப்போதுதான் எனக்கு விஷயம் பிடிபட்டது.

என் கடைசி ஓட்டம் எங்கள் மோன்டஃபோன் பள்ளத்தாக்கிலேயே அமைந்தது. மூன்றாம் வளைவுக்கு அப்புறம் ஒரு தாவல் உண்டு. அதன் விளிம்பு மறைப்பதால், நாங்கள் மேலே கிளம்பும் இடம் கேமராவுக்குத் தெரியாது. இறங்கும் இடம் தெளிவாகத் தெரியும். கோடை முழுக்க நிலவறையில் ஸ்கீயைக் கழற்றிப் பழகினேன். நான்கு நொடியில் கழற்றிவிடுவேன்.

யாராக இருக்க வேண்டும் என்று நான் தீர்மானிக்கவில்லை. அந்த விஷயத்தில் என் மனசாட்சி சுத்தம். அவனாகவே வந்தான். ஃப்ளூரின், எல்லைக்கு அந்தப் பக்கத்து சுவிஸ் பையன், இருபத்திரண்டு வயது. அரையிறுதி ஓட்டத்துக்காக மலையுச்சிக்குப் போகும்போது நாற்காலி லிஃப்டில் என் பக்கத்தில் உட்கார்ந்தான்.

“அண்ணே, இதோட கடைசியாமே?”

“ஆமா. முட்டி கேக்க மாட்டேங்குது.”

“அப்போ ஒண்ணு பண்ணுங்க. என் வாலைப் பிடிச்சுக்கிட்டே வாங்க. காத்தை நான் வாங்கிக்கிறேன், நீங்க ரெண்டாவதா சுலபமா வந்துடலாம். ஃபைனல்ல மட்டும் கருணை காட்ட மாட்டேன், சொல்லிட்டேன்.”

“காட்டாதே” என்றேன்.

நல்ல பையன். சொன்னபடியே முன்னால் போனான். நானும் அவன் முதுகுக்குப் பின்னால் காற்றுப் படாமல் போனேன். இரண்டாவது இடம் கையில் இருந்தது. ஆனால் இறுதிச் சுற்றில் என்ன ஆகியிருக்கும்? எட்டாவது முறையாக நான்காவது.

விளிம்பில் அவன் மேலே எழும்பும்போது என் ஸ்கீயின் நுனியை அவன் ஸ்கீயின் வாலில் வைத்தேன். தட்டவில்லை, வைத்தேன். கை எலும்போ தோள்பட்டையோ போகும் என்பது என் கணக்கு. அவன் கழுத்து தரையில் குத்தும்படி விழுந்தது அவன் உடம்பை வைத்துக்கொண்ட விதம். அதற்கு நான் பொறுப்பாக முடியாது.

நான் நின்றேன். ஸ்கீயைக் கழற்றினேன், மேலே ஏறி ஓடினேன், கையுறையையும் கழற்றினேன். வெறுங்கை படத்தில் நன்றாகத் தெரியும். தலையை அசையாமல் பிடித்துக்கொண்டேன். அதையும் முறையாகக் கற்றிருந்தேன். அந்தப் பிடிதான் உயிரைக் காப்பாற்றியது என்று மருத்துவர்களே எழுதியிருக்கிறார்கள்.

“ஏன்ணே நின்னீங்க?” என்றான். “போங்க... ஃபைனல் போயிடும்.”

“பேசாதே.”

“கால் எங்க இருக்குன்னே தெரியலண்ணே.”

இந்த உரையாடலைப் பாடத்தில் சேர்த்தால் பிள்ளைகளுக்குப் பிடிக்கும்.

ஸ்கீ சங்கம் பதக்கம் கொடுத்தது. பதினான்கு வருடத்தில் என் முதல் பதக்கம். வால்பூர்கா அழுதாள். அவன் அம்மா உர்சினா என் கையை விடவே இல்லை. “எம்புள்ளைய எங்கிட்ட குடுத்த சாமிங்க நீங்க” என்றார்.

ஆக, அந்த வரியை இப்படி மாற்றுங்கள்: ‘நீண்ட நாள் யோசித்து, திட்டமிட்டு, தாமே அவரை விழவைத்து, பிறகு நின்றார்.’ இவ்வளவு உழைப்பை ஒரு நொடிச் செயல் என்று எழுதினால் அது எனக்குச் செய்யும் அநியாயம்.

மாதம் ஒருமுறை அவனைப் பார்க்கப் போகிறேன். படுக்கையில்தான் இருக்கிறான். “அந்த ஓட்டத்தோட வீடியோவையே திரும்பத் திரும்பப் போடச் சொல்றான், அந்தத் தாவல் வந்ததும் நிறுத்தச் சொல்றான்” என்றார் அவன் அம்மா. எனக்குச் சந்தோஷமாக இருந்தது. இந்த மூன்று மாதமாக நான் உள்ளே போனால் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொள்கிறான். பாவம், ஜன்னல் வெளிச்சம் கண்ணைக் கூசுகிறது. அடுத்த முறை நல்ல கனமான திரைச்சீலையாகப் பார்த்து வாங்கிப் போகிறேன்.