சோமசேகரத்தாரின் குழாய்

குப்பைமேனியை யாரும் நட்டு வளர்ப்பதில்லை. உரும்பிராயில் எங்கள் வேலியோரம் முழுக்க அதுதான். அந்த இலையைத்தான் அவித்து வடித்தேன், ஐயா. அதில் ஒரு களவும் இல்லை என்று உங்கள் விசாரணையில் எழுதிக்கொள்ளுங்கள்.

தொண்ணூற்றிரண்டில், சண்டைக் காலம், எங்கள் பக்கத்துக்கு அரசாங்கம் போட்ட பொருளாதாரத் தடை. எங்கள் சிறிய தனியார் வைத்தியசாலைக்குப் புதிய ரப்பர் குழாய் வருவதில்லை. சிறுநீர் அடைத்தவர்களுக்குப் போட்ட குழாயையே அவித்து அடுத்தவருக்குப் போட்டோம். எவ்வளவு அவித்தாலும் உள்ளே ஒரு வழுவழுப்பு திரும்பவும் படியும். கிருமிகள் கூட்டமாய்ச் சேர்ந்து கட்டுகிற படலம் அது. என் இலைத்தண்ணீரில் ஊறிய குழாயில் அது பிடிக்கவில்லை. அங்கே ஆய்வுகூடத்தில் வேலை பார்த்து அதைக் கண்டுபிடித்தவள் நான்.

டாக்குத்தருக்கு அடுத்தபடி வைத்தியம் பார்க்கிற எங்கள் அப்போதிக்கரி சோமசேகரத்தார் என் இலைத்தண்ணீர்ப் போத்தலை எல்லோருக்கும் முன்னால் வாய்க்காலில் ஊற்றினார். "குணலட்சுமி, உதைக் கொண்டுபோய் மாட்டுக்கு வை" என்றார். நேர்ஸ்மார் எல்லோரும் சிரித்தார்கள். அன்றிலிருந்து அந்த மனிசனை எனக்குக் கண்ணில் காட்டக் கூடாது. அதை நான் மறைக்கவில்லை. அதற்கும் இதற்கும் தொடர்பில்லை என்றுதான் சொல்கிறேன்.

அந்த மாரியில் அவருக்கே சிறுநீர் அடைத்தது. பக்கத்துக் கட்டிலில் பரமலிங்கம் என்றொரு தோட்டக்காரர், அவருக்கும் அதே வருத்தம். டாக்குத்தர் கொழும்புக்குப் போய், பாதை மூடி, அங்கேயே நின்றுவிட்டார். மருந்து அலுமாரியைப் பூட்டித் திறக்கிற திறப்பு என்னிடம். ஒருவருக்கு இலைத்தண்ணீரில் ஊறிய குழாய், மற்றவருக்கு வெறும் தண்ணீரில் ஊறியது. அப்படிப் போட்டால்தானே ஒப்பிடலாம். இலைத்தண்ணீர் இருவருக்கும் தாராளமாகவே இருந்தது.

சோமசேகரத்தாருக்கு நடுக்கத்தோடு காய்ச்சல் பிடித்தது. "பிள்ளை, உன்ரை இலைத்தண்ணியிலை என்ரை குழாயையும் ஊறப்போட்டனியோ?" என்று கேட்டார். "ஓம் ஐயா, போட்டனான்" என்றேன். நோயாளியைப் பதறவிடக் கூடாது. அலுமாரியில் ஊசிமருந்து இருந்தது. அதைப் போட்டிருந்தால் எதனால் தப்பினார் என்று தெரியாமல் போயிருக்கும். அவர் செத்த பிறகு குழாயை வெட்டிப் பார்த்தேன். உள்ளே முழுக்க வழுவழுப்பு. பரமலிங்கத்தார் நடந்து வீட்டுக்குப் போனார்.

நான் ஆள் பார்த்துச் செய்தேன் என்கிறீர்கள். இல்லை, ஐயா. பிள்ளையார் கோயிலில் பூக்கட்டிப் பார்த்தேன். சிவப்புப் பூ வந்தால் சோமசேகரத்தாருக்கு இலைத்தண்ணீர், வெள்ளை வந்தால் வெறும் தண்ணீர். முடிவைச் சாமியிடமே விட்டேன். முதலில் சிவப்பு வந்தது. கட்டியது சரியில்லையோ என்று திரும்பக் கட்டி வைத்தேன். அப்போதும் சிவப்பு. வெள்ளை வரும்வரை சாமியை நான் அவசரப்படுத்தவே இல்லை.