பின்னால் ஆள் இருந்தால் மட்டும் கத்துங்கள்

அவைத்தலைவர் பாதிரியார் அவர்களே! முன்வரிசையில் கம்பளிக்குள் முடங்கியிருக்கும் மூத்தோர்களே! மடியில் மழலையும் பையில் மிட்டாயுமாக வந்திருக்கும் தாய்மார்களே! தொண்டையையே படையாகத் திரட்டி வந்திருக்கும் குழந்தைச் செல்வங்களே! ரேவன்ஷா ஊர் பாண்டோமைம் கேலி நாடகக் குழுவின் வணக்கம்.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள்! பகலெல்லாம் கறி வெட்டும் டக்ளஸ், பாவாடை கட்டிக் கன்னத்தில் சிவப்பு அப்பி நின்றால் சிரிப்பு வராதா? கிறிஸ்துமஸ் கழிந்தால் இந்தத் தேவாலயக் கூடத்து நாடகத்தில் சமையல்காரி வேடம் எனக்குத்தானே! ஆனால் திரை எழும் முன் சிரிப்பில்லாத செய்தி ஒன்றைச் சொல்லியாக வேண்டும்.

காட்டுக் காட்சி நீங்கள் அறியாததா? நாங்கள் பலகையில் அமர்ந்து பாடுவோம். வெள்ளைப் போர்வை போர்த்திய பேய் பின்னால் வரும். "பின்னாடி! பின்னாடி!" என்று கூரை அதிரக் கத்துவீர்கள். "இல்லவே இல்ல!" என்போம் நாங்கள். பேய் ஒவ்வொருவராகத் தொட்டு விரட்டும். கடைசியில் என் முகத்தைக் கண்டு பேயே அலறி ஓடும். அதுதான் மரபு.

ஆண்டுதோறும் அந்தப் பேயாக வந்தவன் யார்? நம் எட்வின்! அவனை மண்ணுக்குக் கொடுத்த பிறகு, சென்ற ஆண்டு அவன் மனைவி வின்னி அந்த வேடத்தைக் கேட்டு வாங்கினாள்.

"நானே போத்திக்கிறேன் டக்ளஸ். வேற எவனும் அதத் தொடக் கூடாது."

காட்சி வந்தது. கத்தினீர்கள். "இல்லவே இல்ல!" என்றேன். மறுபடியும் கத்தினீர்கள். அந்தக் குரலில் சிரிப்பு இருந்ததா? இல்லை! விளையாட்டு இருந்ததா? இல்லை! மரபைக் கட்டிக்கொண்ட மடையன் நான், திரும்பாமல் பாடினேன். தோளில் ஒரு கை விழுந்தது. திரும்பினால் வெள்ளைப் போர்வை. ஓட வேண்டிய பேய் ஓடவில்லை. என் மணிக்கட்டைப் பற்றி இழுத்தது. ஐஸ் பெட்டியில் கை விட்டே பிழைப்பவன் நான். அப்படியொரு குளிரை நான் தொட்டதே இல்லை. பலகையை விட்டுக் குப்புற விழுந்தேன். விளக்குகள் தொங்கிய இரும்புக் கம்பி, நான் இருந்த இடத்தில் இடியாய் இறங்கியது.

என்னைக் காத்தவளுக்கு நன்றி சொல்ல உள்ளே ஓடினேன். வின்னி அழுதுகொண்டிருந்தாள். எங்களிடம் இருந்த ஒரே போர்வை, மடித்தது மடித்தபடி அவள் மடியில் கிடந்தது.

"மன்னிச்சிடுப்பா, எழுந்திரிக்கவே முடியல. பேய் இல்லாம எப்படிச் சமாளிச்ச?"

நடந்ததைச் சொன்னேன். அவள் பயந்தாளா? கோபித்தாள்!

"பாவி மனுஷன்! ஊருக்கெல்லாம் தரிசனம் குடுத்துட்டு, எனக்கு மட்டும் முகத்தக் காட்டாமப் போயிட்டானே!"

ஆண்டு முழுவதும் அதே பேச்சு, அதே ஏக்கம்.

என்ன அங்கே பின்வரிசையில் முணுமுணுப்பு? கம்பி புதுசுதான், பயப்படாதீர்கள் ஐயா!

இன்று யாரும் பேய் வேடம் கட்டவில்லை. போர்வை அதோ, தலைவர் மடியில். பலகையில் என் பக்கத்தில் வின்னி அமர்வாள். ஆகவே கைகூப்பிக் கேட்கிறேன். மரபுக்காகக் கத்தாதீர்கள்! பழக்கத்தால் கத்தாதீர்கள்! பக்கத்துப் பிள்ளை கத்துகிறான் என்று கத்தாதீர்கள்! ஆசையோடு திரும்புகிறவள் துணியில் தீட்டிய வெறும் காட்டைப் பார்த்து ஏமாறக் கூடாது. மெய்யாகவே ஆள் நின்றால் கத்துங்கள், கூரை பிய்ந்தாலும் கத்துங்கள்! இன்று "இல்லவே இல்ல" என்று மறுக்க மாட்டோம். திரும்புவோம்!

தேநீர் ஊற்றும் மகளிருக்கும், பனியில் நடந்து வந்த உங்கள் கால்களுக்கும் நன்றி கூறி, அனைவருக்கும் வணக்க...

என்ன பிள்ளைகளே? திரையே எழவில்லை, அதற்குள் கத்துகிறீர்களே! இப்போதுதானே சொன்னேன்? தாய்மார்களே, நீங்களுமா? தலைவரே, ஏன் எழுந்துவிட்டீர்கள்? போர்வை உங்கள் கையில்தானே இருக்கிறது?

தோள் குளிர்கிறது.

நான் திரும்ப மாட்டேன். இது என் முறை இல்லை.

வின்னி! ஏய் வின்னி! போட்டது போட்டபடி ஓடி வா! வந்துட்டான்!