காத்து இழுக்கிற வேன்

உக்காருங்க அண்ணாச்சி. நம்ம ஒர்க்ஷாப்புல அந்த ஸ்டூலு ஒண்ணுதான் ஆடாது. இல்ல, உங்க வேன இன்னும் ஸ்டார்ட் பண்ணல. நேத்து சாய்ந்தரம் ஒரு வேலை பாத்துட்டு நிப்பாட்டுனதுதான், அதுக்கப்புறம் சாவியத் தொடல. அதுக்குத்தான உங்கள இம்புட்டுக் காலைல வரச் சொன்னேன். ஒரு நடை ஓடுன பெறகு ஒம்பது மணிக்கு வந்தீகன்னா இந்த வண்டி நல்ல பிள்ள மாதிரி எடுக்கும். விடிய விடிய நின்ன பெறகு அடிச்சுப் பாத்தாத்தான் அதோட நோவு தெரியும்.

தெரியும் தெரியும். ஏழு மணிக்குள்ள விஸ்வநத்தத்துல கம்பெனி வாசல்ல ஆள எறக்கணும். இப்ப மணி அஞ்சரதான ஆகுது. நேரம் இல்லாதது முனியராஜுக்குத்தான். ஆமா, நீங்க வேலைய விட்டு நிப்பாட்டுன டிரைவர் முனியராஜத்தான் சொல்லுதேன். இன்னைக்கு அவன் வேற ஒரு பட்டாசுக் கம்பெனியில மருந்து கலக்குற ரூம்ல சேருதான். அவன் பொண்டாட்டி இசைவாணி நேத்து இந்தப் பக்கம் வந்துச்சு, சொல்லிட்டுப் போச்சு. எங்கிட்ட ஒண்ணும் கேக்கல. வெயில் ஏறுறதுக்குள்ள கலவைய முடிச்சிரணும்ல, அதனால ஆறரைக்கே உள்ள போயிரணுமாம். மருந்து ரூம்ல வேற ஆளு நிக்க மாட்டேங்கான்னு கூப்பிட்டுருக்காக. ஏன் நிக்க மாட்டேங்கான்னு உங்களுக்கு நான் சொல்லணுமா.

அவன நீங்க திரும்ப எடுத்துக்கிடணும் அண்ணாச்சி. அதுக்குத்தான் கூப்பிட்டேன். வேனு ரெண்டாம்பட்சம்.

கோவப்படாதீக. டீயக் குடிங்க, ஆறுது.

சரி, நீங்க சொன்னதையே எடுத்துக்கிடுவோம். அவன் டீசல உறிஞ்சி விக்கான், டாங்கி காயுது, அதான் காலைல வண்டி எடுக்கல. இதத்தான இருபத்திரெண்டு பொம்பளைக முன்னாடி சொன்னீக. லேட்டாப் போயி, கம்பெனி கேட்ட அடைச்சு, அம்புட்டுப் பேரும் சம்பளம் இல்லாம திரும்பி வந்த அன்னைக்கு. கம்பெனிக்காரக உங்கள ஏசுனாக, நீங்க அவன ஏசுனீக. அந்தப் பொம்பளைகள்ல அவன் பொண்டாட்டியும் ஒருத்தி. அது உங்களுக்குத் தெரியுமோ என்னமோ.

இப்ப அவன் போயி ஒரு மாசம் ஆச்சு. உங்க மச்சினன் மகன் தங்கச்சாமி ஓட்டுதான். அவன் திருட மாட்டான், ஒத்துக்கிடுதேன். வண்டி எடுக்குதா? எடுக்கல. இருபது தடவ செல்ப் அடிச்சு, பேட்டரி எறங்கி, பொம்பளைக தள்ளித்தான் எடுக்குது. சாப்பாட்டுத் தூக்குவாளியக் கீழ வச்சுட்டுத் தள்ளுதாக, பாவம்.

ஆமா, நானுந்தான் பாத்தேன். எல்லாம் பாத்தேன். பேட்டரி மாத்துனோம். ஹீட்டர் பிளக்கு நாலையும் மாத்துனோம். இஞ்சினுக்குள்ள டீசல் பீச்சுற நாசிலக் கழட்டி மாட்டுனோம். பெரிய டீசல் பம்ப மதுரைக்குக் கொண்டுபோயி டெஸ்ட் பண்ணிட்டு வந்தோம். நல்லா இருந்ததயெல்லாம் மாத்தியாச்சு.

நேத்துதான் ஒண்ணு பண்ணேன். கொத்தனாருக தண்ணி ஊத்தி மட்டம் பாப்பாகல்ல, அந்தக் கண்ணாடி டியூப்பு, அதுல ஒரு சாண் வாங்கியாந்தேன். டாங்கியில இருந்து டீசல இழுத்துக் குடுக்குற சின்னப் பம்புக்கு வார லைன்ல மாட்டி, வண்டிய ஓட விட்டேன். டீசல் சுத்தமா வருது. அதையே கழட்டி, பம்பத் தாண்டி மாட்டுனேன். குமிழு குமிழா ஓடுது. அப்ப என்ன அர்த்தம்? டாங்கியில கொறை இல்ல, லைன்ல கொறை இல்ல, அந்தச் சின்னப் பம்புலதான் எங்கனயோ காத்து ஏறுது. வண்டி நின்னுட்டா, அந்த ஓட்ட வழியா காத்து போயி, டீசலு பூரா மெல்ல மெல்ல டாங்கிக்கே எறங்கிருது. காலைல செல்ப் அடிச்சா இழுக்கிறதுக்கு டீசல் இல்ல, காத்துதான் இருக்கு. ஒரு சொட்டு வெளிய ஒழுகாது அண்ணாச்சி. இது உறிஞ்சுற பக்கம். உள்ளதான் இழுக்கும், வெளிய விடாது. நீங்க டாங்கியில குச்சி விட்டுப் பாத்தாலும் டீசல் கொறஞ்சிருக்காது. குச்சி விட்டுப் பாத்தீகளா, அன்னைக்கு? சரி, விடுங்க.

வாங்க, நீங்களே ஏறி உக்காருங்க. சாவியப் போடுங்க. அந்த ஹீட்டர் லைட்டு அணையட்டும். ம். இப்ப அடிங்க.

பாத்தீகளா. ஒரே அடி.

இருக்கட்டும், ஓடட்டும், அணைக்காதீக.

என்ன பண்ணேனா? அந்தப் பம்புக்கு மேல, டீசல வடிகட்டுற சல்லடைக்கு மூடி ஒண்ணு இருக்கு. அதுக்கு அடியில காத்துப் புகாம அடைக்க வட்டமா ஒரு பேக்கிங். அது ஊறிப் போயி பிஞ்சு கெடந்துச்சு. புதுசு வச்சேன். அம்புட்டுதான் வேலை.

இல்ல இல்ல, அவன் கை வைக்கல. முனியராஜுக்கு ஸ்பேனர்ல எந்தப் பக்கம் வாய்னே தெரியாது. அந்தப் பழைய பேக்கிங் நான் வச்சது. மாரியம்மன் கோயில் பங்குனிப் பொங்கலுக்கு விருதுநகர்ல கட பூராவும் அடைப்பு, பேக்கிங் ஷீட்டு கெடைக்கல. நீங்க மறுநா வண்டி வேணும்னீக. காலண்டர் அட்ட கெடந்துச்சு, காலண்டர் அடிக்கிற நம்ம ஊர்ல அதுக்கா பஞ்சம், வெட்டி வச்சேன். ரெண்டு நாளைக்குத் தாங்கும், பொங்கல் முடியவும் மாத்திருவோம்னு நெனச்சேன். மறந்துட்டேன். நாம பூட்டுன எடத்துல கொறை இருக்கும்னு யாரு தேடுவா.

அவனுக்குத் தெரியும். நான் வெட்டும்போது பக்கத்துலதான் நின்னான். வண்டி மக்கர் பண்ண ஆரம்பிச்சதும் வந்து, அண்ணே, அந்த அட்டைய மாத்தலையேன்னு கேட்டான். ரெண்டு தடவ கேட்டான். அதுக்கும் இதுக்கும் சம்பந்தமில்லலே, நீ ஓட்டுற வேலையப் பாருன்னு சொன்னேன். அண்ணாச்சிகிட்ட இதச் சொல்லிக்கிட்டுத் திரியாதன்னும் சொன்னேன். உங்க ஆறு வண்டியும் எங்கிட்டதான வருது, அது போயிரக் கூடாதுல்ல. நீங்க அவனத் திருடன்னு சொன்னப்ப நானும் அங்கனதான் நின்னேன், பேட்டரி கொண்டாந்திருந்தேன். அவன் என் மூஞ்சியப் பாத்தான். நான் பேட்டரியத் தூக்கிட்டு அந்தப் பக்கம் போயிட்டேன். அப்பவும் அவன் உங்ககிட்ட வாயத் தொறக்கல.

ஏசுங்க. போற வழியில ஏசுங்க, கேட்டுக்கிடுதேன். நகந்து உக்காருங்க, நான் ஓட்டுதேன். ஆள ஏத்த அவன் ஊருக்குத்தான மொதல்ல போகணும், அவன் மருந்து ரூமுக்குச் சைக்கிள எடுக்கிறதுக்குள்ள போயிரலாம். நீங்க எறங்க வேண்டாம். அவன் வீட்டு வாசல்ல நான்தான் போயி நிக்கணும்.