பொம்மையார்பாளையத்துக்கு நீல மூடி

சாலம்மாள்: ...உப்பளத்து பொம்பளைங்க எறங்கட்டும்னுதான் இவ்ளோ நேரம் வாய மூடிக்கிட்டு இருந்தேன். இப்ப சொல்லுங்க டிரைவரே. என் கையில குடுத்தீங்களே, இது என்னா?

பாவாடை: டோக்கன்.

சாலம்மாள்: நீல பெயிண்ட் அடிச்ச சோடா மூடி.

பாவாடை: செவப்பு உப்பளம், மஞ்ச கீழ்புத்துப்பட்டு, நீலம் பொம்மையார்பாளையம். ஏறும்போது காசு குடுத்து வாங்கணும். எறங்கும்போது திருப்பிக் குடுக்கணும்.

சாலம்மாள்: எங்க ஏறி எங்க எறங்குனாலும் அஞ்சு ரூபாதான இருந்துது? ஒரே ஒரு நாள் ஜுரம்னு படுத்தேன், எழுந்து வந்து பாத்தா பத்து ரூபா. வண்டி அதே வண்டி. சீட்டு அதே கிழிஞ்ச சீட்டு.

சகாயராஜ்: அவன ஏன் புடுங்கற? ஐடியா என்னுது.

சாலம்மாள்: தெரியும்ணே. மரக்காணத்துல உருப்படாத ஐடியா எதுவா இருந்தாலும் நம்ம வூட்லேர்ந்துதான் கெளம்பும்.

சகாயராஜ்: டெல்லில இப்டித்தான் தங்கச்சி. பூமிக்கு அடியில மெட்ரோ ரயிலு. கிட்ட எறங்கறவனுக்குக் கம்மி, தூரம் போறவனுக்கு ஜாஸ்தி. டோக்கனக் காட்டுனா கேட்டு தொறக்கும். எறங்கற எடத்துல அத உள்ள போட்டாத்தான் வெளிய வுடும்.

சாலம்மாள்: நீ அதுல போனியா?

சகாயராஜ்: அந்த சுரங்கத்துல ரெண்டு வருசம் மண்ணு அள்ளியிருக்கேன்.

சாலம்மாள்: போனியான்னு கேட்டேன்.

சகாயராஜ்: ...போனேன். ஒரே ஒரு ஸ்டேஷன். அதுக்குத்தான் கையில காசு இருந்துது.

சாலம்மாள்: தோண்டனவனயே அடுத்த ஸ்டேஷன்ல எறக்கி வுட்ட திட்டம். அத பத்திரமா இங்க கொண்டாந்துட்ட.

பாவாடை: உள்ளயே ரொம்ப நேரம் சுத்திக்கிட்டு இருந்தா அபராதம் வேறயாம். மச்சான் சொன்னாரு.

சாலம்மாள்: அதையும் போட்டுடுங்க. இந்த வண்டி போற வேகத்துக்கு எல்லாருமே அபராதம் கட்டித்தான் எறங்கணும்.

சகாயராஜ்: வாய் மட்டும் இல்லன்னா உன்ன...

சாலம்மாள்: இரு, இரு. அமெரிக்காவுல ஏதோ ஒரு ஊரு, நியூயார்க்கோ என்னமோ... அங்க ஒரு தடவ ஏறுனா எவ்ளோ தூரம் போனாலும் ஒரே காசுன்னு உங்க இன்ஜினியர் சொன்னாராமே. கிறிஸ்மஸ் அன்னிக்கு கறிக்கொழம்பு ஊத்திக்கிட்டே நீதான சொன்ன?

சகாயராஜ்: சொன்னேன். அது பணக்கார ஊரு.

சாலம்மாள்: பணக்கார ஊர்ல ஒரே காசு, நம்மள மாதிரி ஏழபாழைங்களுக்கு கிலோமீட்டர் கணக்கு. நல்லா இருக்குது உங்க நாயம்.

சகாயராஜ்: நாயத்த நீ பேசாத. சின்னப்பாப்பாக்கா பிரம்மதேசத்துல ஏறி இந்தா, உப்பளத்துல எறங்கிட்டாங்க. அவங்களுக்கும் அஞ்சு, ஊரத் தாண்டி ஊரு போற உனக்கும் அஞ்சா? அவங்க காசுல நீ சவாரி போயிக்கிட்டு இருந்த.

சாலம்மாள்: தூரமா வேலைக்குப் போறவ, கையில காசு இருந்தா ஏன் அவ்ளோ தூரம் போறா? கிட்டத்துலயே கெடச்சா...

சகாயராஜ்: அதான் கெடச்சிருக்குதே. தையல் கடைக்கு வா வான்னு சுலோசனாக்கா தை மாசத்துலேர்ந்து கூப்புட்டுக்கிட்டு இருக்காங்க. வூட்டுக்கு அடுத்த தெரு. நடந்தே போலாம்.

சாலம்மாள்: எனக்கு ஊதுபத்தி கம்பெனிதான் புடிச்சிருக்குது. நல்லா வாசனையா... ஹச்...

சகாயராஜ்: வாசன புடிச்சவ தும்மறதப் பாரு. அந்தத் தூளு இவளுக்கு ஒத்துக்கவே இல்ல பாவாடை. நேத்து ஜுரமே அதனாலதான்.

சாலம்மாள்: அது பனி.

சகாயராஜ்: பங்குனி மாசத்துல பனி.

சாலம்மாள்: என் தும்மல வுடு. நேத்து சாயந்தரம் உப்பளத்தாண்ட உங்க டோக்கனுக்கு பெரிய மரியாதையாமே டிரைவரே?

பாவாடை: அதெல்லாம் ஒண்ணும் இல்ல.

சகாயராஜ்: என்னாடா நடந்துது? எனக்குத் தெரியாதே.

பாவாடை: இல்ல மச்சான்... உப்பளத்துல ஒரு கூடை உப்பு சொமந்து கொட்டுனா ஒரு வில்லை குடுப்பாங்க. சாயந்தரம் அந்த வில்லையெல்லாம் குடுத்துட்டு கூலி வாங்கிப்பாங்க...

சகாயராஜ்: அதுக்கும் இதுக்கும் என்னா?

பாவாடை: காலையில எறங்கும்போது மூடியத் திருப்பிக் குடுங்கன்னேன். ஒருத்தரும் குடுக்கல. முந்தானையில முடிஞ்சிக்கிட்டுப் போயிட்டாங்க. சாயந்தரம் பாத்தா வண்டியாண்ட வரிசையா நிக்கறாங்க. 'இந்தா மூடி, காசக் குடு'ன்றாங்க.

சாலம்மாள்: அவங்க கேட்டதுல என்னா தப்பு? வில்லை வெச்சிருக்கறவங்களுக்குத்தான காசு வரும். காசு குடுத்து எவனாவது வில்லை வாங்குவானா?

சகாயராஜ்: நீ என்னா பண்ண?

பாவாடை: ...குடுத்துட்டேன்.

சகாயராஜ்: குடுத்துட்டியா?

பாவாடை: காலெல்லாம் உப்பு அரிச்சி, வெயில்ல வெந்து போயி வந்து நிக்கறாங்க. எப்டி இல்லன்றது? சின்னப்பாப்பாக்கா ரெண்டு மூடி நீட்டுனாங்க. ஒண்ணு பெயிண்டே அடிக்காதது, பொட்டிக்கடையில பொறுக்குனது. அதுக்கும் வாங்கிக்கிட்டாங்க.

சாலம்மாள்: டெல்லிக்காரன் காதுல இது வுழுந்தா சுரங்கத்த மண்ணு போட்டு மூடிடுவான். இன்னிக்கும் பாருங்க, எல்லாரும் எவ்ளோ சந்தோஷமா மூடிய முடிஞ்சிக்கிட்டு எறங்கிப் போறாங்க.

சகாயராஜ்: உன்னத் திருத்த முடியாதுடா. அது சரி, கீழ்புத்துப்பட்டு தாண்டி வண்டியில யாரு இருக்கா? இவ ஒருத்தி. அதுக்கு அவ்ளோ தூரம் டீசல் எரிக்கணுமா?

பாவாடை: பொம்மையார்பாளையத்துல ஐஸ் பொட்டி ஏத்தணும் மச்சான். மீன்காரங்களுக்கு.

சகாயராஜ்: ஓ... ஐஸ் பொட்டி. பாத்துடா, உருகிடப் போவுது. நிறுத்து, நிறுத்து, கோயில் வளைவாண்ட நிறுத்து. கொத்தனாரு எனக்கு முன்னாடியே வந்து நிக்கறாரு. இந்தா மஞ்ச மூடி. சாலம்மா, டிரைவர் அண்ணன்கிட்ட சண்ட போடாம போ.

சாலம்மாள்: டிரைவர்கிட்ட.

சகாயராஜ்: ஊரே அவன அண்ணன்னுதான் கூப்புடுது.

சாலம்மாள்: ஊருக்கு அண்ணன் பத்தாம இருக்கலாம். எனக்கு நீ ஒருத்தன் இருக்கறதே தாங்கல. போயிட்டு வா.

பாவாடை: வரேன் மச்சான்.

சாலம்மாள்: ஏன் இவ்ளோ மெதுவா போறீங்க?

பாவாடை: ரோடு சரியில்ல.

சாலம்மாள்: ஈசிஆர் ரோடு சரியில்ல. எல போட்டு சாப்புடலாம் போல இருக்குது, சரியில்லயாம். எங்கண்ணன் எப்பலேர்ந்து உங்களுக்கு மச்சான்? போன வாரம் வரைக்கும் சகாயண்ணேன்னு கூப்புட்டுக்கிட்டு இருந்தீங்க.

பாவாடை: சும்மா... ஒரு பழக்கத்துல வந்துடுச்சி. ஏன் சாலம்மா, பத்து ரூபா ரொம்ப கஷ்டமா இருக்குதா?

சாலம்மாள்: இல்ல, சொகமா இருக்குது. போக ஒரு மூடி, வர ஒரு மூடி. கம்பெனில குடுக்கறதுல பாதிய உங்க சோடா மூடிக்கே குடுத்துட்டு வூட்டுக்குப் போனா எங்கம்மா ஆரத்தி எடுப்பாங்க. நாளையிலேர்ந்து நான் வரல. கேட்டுதா?

பாவாடை: கேட்டுது.

சாலம்மாள்: கேட்டுதுன்னா ஏதாவது சொல்லணும்.

பாவாடை: என்னான்னு சொல்றது... சுலோசனாக்கா கடை கிட்டத்துலதான இருக்குது.

சாலம்மாள்: பாத்தீங்களா, வழியும் நீங்களே சொல்லிட்டீங்க. நல்லா இருங்க. நான் இல்லன்னாதான் என்னா, உங்களுக்கு ஐஸ் பொட்டி இருக்குது.

பாவாடை: அது இருக்குது...

சாலம்மாள்: எங்க இருக்குது? தெனம் சாயந்தரம் இதே வண்டியிலதான் திரும்பறேன். ஒரு நாளாவது தரை ஈரமா இருந்துருக்குதா? மீன் கவிச்சி அடிச்சிருக்குதா?

பாவாடை: தொடச்சிடுவேன்.

சாலம்மாள்: கிழிஞ்ச சீட்டத் தைக்காதவரு தரையத் தொடைக்கறாராம். கேக்கறேன்ல.

பாவாடை: ...ஐஸ் பொட்டி இல்ல.

சாலம்மாள்: அப்ப எதுக்கு இவ்ளோ தூரம் வர்றீங்க?

பாவாடை: நீ எதுக்கு தும்மிக்கிட்டே ஊதுபத்தி உருட்டப் போற?

சாலம்மாள்: மொதல்ல கேட்டது நான்.

பாவாடை: உன்ன எறக்கி வுடத்தான் வர்றேன். போதுமா? எறக்கி வுட்டுட்டு, ஒரு டீ குடிச்சிட்டு, காலி வண்டிய ஓட்டிக்கிட்டு திரும்பிப் போறேன். தெனமும். இப்ப நீ சொல்லு.

சாலம்மாள்: ரோட்டப் பாத்து ஓட்டுங்க.

பாவாடை: பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன். சொல்லு.

சாலம்மாள்: ...கீழ்புத்துப்பட்டு தாண்டுனா வண்டியில வேற யாரும் இருக்க மாட்டாங்க. அதான். இல்லன்னா அந்தக் கம்பெனில எனக்கு என்னா வெச்சிருக்குது? தூளு ஏறி மூக்கே போச்சு... ஹச்...

பாவாடை: ஹஹ்ஹா...

சாலம்மாள்: சிரிக்காதீங்க. எனக்கு ஆத்திரமா வருது. இவ்ளோவும் மனசுல வெச்சிக்கிட்டு, பத்து ரூபா போட எப்டி கை வந்துது? காசுக்கு பயந்து நான் ஏறாம போயிருந்தா?

பாவாடை: அந்த பயம் எனக்கு இல்லன்னு நெனச்சியா? நேத்து நீ ஸ்டாப்புல நிக்கல, மச்சானும் வரல. ஜுரம்னு எனக்கு யாரு சொன்னா? மூடியப் பத்தி கேள்விப்பட்டுத்தான் வராம நின்னுட்டன்னு நெனச்சேன். சோறு எறங்கல. உப்பளத்து பொம்பளைங்க மூடிய நீட்டும்போது எனக்கு எதுவுமே ஓடல, கேட்டவங்களுக்கெல்லாம் குடுத்தேன்.

சாலம்மாள்: பொட்டிக்கடை மூடிக்குக்கூட.

பாவாடை: அதுக்கும்தான்.

சாலம்மாள்: இவ்ளோ பயந்தவரு எங்கண்ணன் சொன்னான்னு எதுக்கு கேக்கணும்? அவனுக்குத்தான் டெல்லி பைத்தியம். நாளைக்கு நம்ம விஷயம் அவன் காதுக்குப் போனா என்னா ஆவும்னு யோசிச்சீங்களா?

பாவாடை: போன வாரமே நான்தான் போயி கேட்டேன், உன்னக் குடுங்கன்னு. அவரு டெல்லியும் பேசல, அமெரிக்காவும் பேசல. 'எந்தங்கச்சி அஞ்சு ரூபா சவாரிக்கு வர்றாளா, உனக்காக வர்றாளான்னு எனக்குத் தெரியணும். பத்து ரூபா போடு. அப்பவும் ஏறி பொம்மையார்பாளையம் வரைக்கும் வந்து எறங்கினான்னா, ஞாயித்துக்கெழம சர்ச்சுல பூச முடிஞ்சதும் உங்கம்மாவ கூட்டிக்கிட்டு வூட்டுக்கு வா'ன்னாரு. எறங்கும்போது அந்த நீல மூடிய மறக்காம குடு சாலம்மா. மச்சான்கிட்ட காட்டணும்.